மே மாசத்துல பொன்னாடையா, மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. நேத்து சாவடியில நீ கூட்டம் போட்டப்ப நானும் தூணோரமா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தேன் இருந்தேன். வாயைத் தொறக்கல. விழாக் கமிட்டித் தலைவர்னு ஊரு உன்னையத் தூக்கி வச்சிருக்கு. தாய்மாமன் நானே நாலு பேருக்கு முன்னால உன் வேட்டியைப் பிடிச்சு இழுத்தா நல்லாவா இருக்கும்? அதான் விடியவும் தனியா வரச்சொன்னேன்.

பெரிய டீச்சரம்மாவுக்குப் பணி நிறைவு விழா எடுக்கணும்கிறது நல்ல காரியம். திருவிழாவுக்கு வரி போட்டாலே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிற ஊரு இது. டீச்சரம்மாவுக்குன்னதும் ஒரு தலைக்கட்டு கூட முணுமுணுக்கல. பாதி மரியாதை அங்கனயே நடந்து முடிஞ்சுபோச்சு. மீதிப் பாதியை நீ கெடுத்துறாம இருக்கணும்ல, அதுக்குத்தேன் இந்தப் பேச்சு.

உன் பட்டியலைப் பாத்தேன். பொன்னாடை நாப்பது. ஏன் மாப்ளே, மே 31-ஆம் தேதி, இந்த ராமநாதபுரம் சீமையில, தகரப் பந்தலுக்குக் கீழ, அறுபது வயசு மனுசியை நிக்கவச்சு நாப்பது சால்வை போத்துனா அது பாராட்டா, பழிவாங்குறதா? அக்கினி நட்சத்திரம் முடிஞ்சு முழுசா ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. போத்துறவன் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிட்டு எறங்குன மறுநிமிசம் சால்வையை உருவி நாற்காலி முதுகுல போடுவாக. சாயந்திரம் பாத்தா அந்த நாற்காலிதேன் ரிட்டயர் ஆன மாதிரி இருக்கும். பொறவு அந்தச் சால்வையெல்லாம் எங்க போகும்? அடுத்த மாசம் ஓய்வு பெறுற வேற யாராச்சும் ஒருத்தர் தோள்ல ஏறும். நம்ம மாவட்டத்துல சால்வைக்கு மட்டும் ஓய்வு வயசே கெடையாது.

சுவர்க்கடிகாரம் வேற ஏழெட்டு வருதாமே. முப்பது வருசமா மணியடிச்சா ஓடிவந்த ஆளை, இனி மணி பாக்க வேணாம்னு வீட்டுக்கு அனுப்புறோம். கையில கடிகாரத்தைக் குடுத்தா அனுப்புறது?

பேனர் மாதிரியும் பாத்தேன். உன் மூஞ்சி ஆறடி, அவுக மூஞ்சி ஒண்ணரை அடி. வெளியூர்க்காரன் பாத்தா நீதேன் ஓய்வு பெறப்போறன்னு நெனைச்சு உனக்கு மாலை வாங்கிட்டு வருவான். அழைப்பிதழ்ல தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரைன்னு இறங்கி வந்தா, டீச்சரம்மா பேரு நன்றியுரைக்கு ரெண்டு வரிக்கு மேலதேன் வருது. கோயில் பெரியதனம், ஜமாத் தலைவரு, மாதா கோயில் கமிட்டி, இவுகள்ல யாரு பேரு முதல்லன்னு நீ மண்டையை ஒடைச்சுக்கிறது எனக்குத் தெரியும். மூணு பேர்ட்டயும் போய், 'உங்க பேரை விட்டுட்டோம், பிள்ளைக பேரைத்தேன் போடுறோம்'னு சொல்லிப் பாரு. மூணு பேரும் சந்தோசப்படுவாக. தன் பேரு விட்டுப்போனதுக்காக இல்ல. மத்த ரெண்டு பேரு பேரும் இல்லையே, அதுக்கு.

இன்னொண்ணு. தேதி. மே 31 அவுக ஆர்டர்ல இருக்கிற தேதி, விழாவுக்கான தேதி இல்ல. பள்ளிக்கூடம் ஏப்ரல்லயே சாத்திருது. பிள்ளைக பாதி அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கும். யாரை வச்சுப் பாராட்டுவ? எம்மெல்லேயை வச்சா? லீவு விடுறதுக்கு முன்னால, ஏப்ரல் பதினஞ்சுக்குப் பின்னால ஒரு நாளைப் பாரு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும். வருசத்துல இந்த 61 நாளுதேன் நம்ம ஊரு அப்பன்மாரு பகல்ல முழிச்சிருந்து பிள்ளை எந்த வகுப்புன்னு கண்டுபிடிக்கிற காலம். கையில காசு இருக்காது, அது வாஸ்தவம். நிவாரணத்தை எட்டாயிரம் ஆக்கிட்டாகன்னாலும் அது கடைப்பாக்கிக்கே காணாது. அதனாலதேன் சொல்றேன், வரியைக் கொறை. ஆளு வரட்டும்.

டீச்சரம்மா வந்த புதுசுல நீ அரைக்கால் டவுசரோட திரிஞ்ச. சர்க்காருல எந்த அதிகாரிக்குக் கோவம் வந்தாலும் அப்ப ஒரே வசனம்தேன்: 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்.' அந்தக் காடு எதுன்னு கேட்டா நம்ம சீமையைத்தேன் கை நீட்டுவாக. வர்ற வாத்தியாருக பெட்டியைப் பிரிக்கவே மாட்டாக. ஒரு கண்ணு பாடத்துல, ஒரு கண்ணு மாறுதல் எப்பங்கிறதுல. குத்தம் சொல்ல முடியாது மாப்ளே. மணல்ல ஊத்துத் தோண்டி, சுரக்கச் சுரக்க அகப்பையில மொண்டு குடத்தை நெறைச்ச காலம். காவிரித் தண்ணி குழாயில வந்தது பிற்பாடுதேன். இந்தம்மாவும் அப்படித் தூக்கியடிக்கப்பட்டு வந்தவுகதேன். 'ஏன்மா நீங்க மட்டும் மாறுதல் கேக்கல?'ன்னு ஒருநா கேட்டேன். 'பெட்டியைப் பிரிச்சுட்டேன்யா, திருப்பி அடுக்கச் சோம்பலா இருக்கு'ன்னுட்டாக. அந்தச் சோம்பல் நம்ம ஊருக்கு அடிச்ச யோகம்.

அந்தத் தண்ணியில்லாக் காடு 2024-ல பத்தாப்புப் பரீட்சையில மாநிலத்துலயே மூணாவது, தெரியும்ல? அரியலூரு, சிவகங்கை, அதுக்கடுத்து நாம. 96.36 சதவீதம். கெடந்து தவிக்கட்டும்னு அனுப்புன வாத்தியாருகள்ல கொஞ்சப் பேரு பெட்டியைப் பிரிச்சதால வந்த வெனை அது.

நம்ம டீச்சரம்மா என்ன பண்ணுனாகன்னு மேடையில சொல்லணும்னா, 'கல்விக்கண் திறந்த கலைமகளே'ன்னு ஆரம்பிக்காத. கரைவலைக் கதையைச் சொல்லு. வலை இழுக்க ஆளு கொறைஞ்சா எட்டாப்புப் படிக்கிற பயலை எழுப்பிக் கூட்டிட்டுப் போற ஊரு இது. அவுக வருகைப்பதிவேட்டைத் தூக்கிக்கிட்டு நேராக் கரைக்கே வந்துட்டாக. கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தவன் பேரைச் சத்தமாப் படிச்சாக. அவன் பழக்கதோசத்துல 'உள்ளேன் டீச்சர்'னுட்டான். சம்மாட்டியே சிரிச்சுட்டு, 'போடா, போய் அங்கன உள்ளேன் சொல்லு'ன்னு வெரட்டிவிட்டாரு. அந்தப் பய கலெக்டராகல. மண்டபத்துல மீன் கம்பெனியில கணக்கு எழுதுறான். ஆனா எடைத் தராசுகிட்ட அவன் நின்னான்னா எந்த ஏவாரியும் அரைக்கிலோவை முழுங்க முடியாது. அவன் அப்பன் காலமெல்லாம் ஏமாந்தது அந்த அரைக்கிலோவுலதேன்.

கடல்பாசி எடுக்கிற காலம் வந்தா பொம்பளைப் பிள்ளைக பெஞ்சு காலியாக் கெடக்கும். அதுக்கும் அவுக சண்டைக்குப் போகல. தாய்மாரு தீவுப் பக்கம் போற நாளுகளைக் கேட்டு எழுதிவச்சுக்கிட்டு, அந்த நாளுகள்ல கைப்பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிட்டு வரச்சொல்லிட்டாக. அக்காகாரி பாடம் படிப்பா, தம்பிக்காரன் பெஞ்சுக்குக் கீழ தூங்குவான். விதிமுறைப் புத்தகத்துல அதுக்கு எடம் உண்டான்னு எனக்கு எதுக்கு?

உன் அக்கா மகளுக்குப் பதினாறு வயசுல பரிசம் போட ஆளு வந்தாகளே, நெனப்பிருக்கா? வாசல்ல ஸ்கூட்டியை நிறுத்திட்டு டீச்சரம்மா உள்ள வந்தாக. சட்டம் பேசல. காபி கேட்டாக. ஒரு மணி நேரமாக் குடிச்சாக. நடுவுல பேச்சோட பேச்சா, '1098-க்குப் போன் பண்ணுனா காசு பிடிக்காதாம்ல'ன்னு பொதுவாக் கேட்டுவச்சாக. மாப்பிள்ளை வீட்டாளுக தாம்பூலத்தட்டை அவுகளே திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. அந்தப் புள்ள இன்னைக்கு நர்சு வேலை பாக்குது. மேடையில பேசுறவுக பட்டியல்ல அது பேரையே காணோம். ஊரு விட்டு ஊரு போய் சம்பாதிச்சு உன் அக்காவுக்குப் பணம் அனுப்புது, மேடையில நிக்க அது ஆகாதா?

பேசுறதுக்குப் பதினாறு பேரு போட்டிருக்க. கலாம் கதையைக் கேளு. ராமேஸ்வரம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துல அவரு அஞ்சாப்புப் படிக்கையில சிவசுப்பிரமணிய அய்யர்னு ஒரு வாத்தியாரு. பறவை எப்படிப் பறக்குதுன்னு பலகையில படம் போட்டு வெளக்குனாரு. பையனுகளுக்குப் பிடிபடல. கோவப்படாம கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், பறந்துக்கிட்டு இருந்ததையே காட்டுனாரு. இன்னொரு நா அந்தப் பையனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாரு. அவரு வீட்டம்மா தன் அடுக்களையில வச்சுப் பரிமாற மாட்டேன்னுட்டாக. அய்யரு மொகம் சுளிக்கல. தானே பரிமாறி, பக்கத்துல உக்காந்து சாப்பிட்டு, அடுத்த வாரமும் வான்னு சொல்லி அனுப்புனாரு. அந்த அடுத்த தடவை அந்தம்மாவே தன் கையால பரிமாறுனாக. இப்ப நான் கேக்குறேன்: அந்த அய்யருக்கு ஓய்வு பெறையில யாரு தலைமை, யாரு முன்னிலை? ஒரு மனுசருக்குத் தெரியுமா? அவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் படிச்ச பையன் வாயால சொல்லி, புத்தகத்துல எழுதினதுதேன். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கூடத்து அய்யாத்துரை சாலமன் பேரும் அப்படி வந்ததுதேன். கல்வி அதிகாரி வாழ்த்துரையில இருந்து வந்தது ஒண்ணு கூட இல்ல. அதனால மைக்கை யாருகிட்டக் குடுக்கணும்கிறதை நீயே முடிவு பண்ணிக்க.

'அரசாங்க விருது வாங்கித் தர்றோம்'னு மேடையில வாக்கு மட்டும் குடுத்துறாத. விருது மட்டம்னு சொல்லல. போகலூரு பக்கம் கீழாம்பல் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ராமச்சந்திரன் சாரு, பிள்ளைகளோட பிள்ளையா அதே சீருடையைப் போட்டுக்கிட்டுப் பாடம் எடுத்த மனுசன், 2022-ல ஜனாதிபதி கையால தேசிய விருது வாங்குனாரு. அவரு வாங்கையில நம்ம சீமைக்கே காலரு தூக்குச்சு. ஆனா முப்பது வருசமா வாங்கித் தர நெனைக்காத ஊரு, முப்பத்தோராவது வருசம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சபதம் போட்டா டீச்சரம்மாவுக்கே சிரிப்பு வந்துரும்.

நம்ம கரையில நின்னா கூப்பிடு தூரத்துல இருக்கிற யாழ்ப்பாணத்துல நடந்த சேதி ஒண்ணு இருக்கு. டீச்சரம்மா சொல்லித்தேன் எனக்கே தெரியும். உடுவில்னு ஒரு கிராமம். 1824-லயே அங்கன பொம்பளைப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிக்கூடம். எலைசா அக்னியூன்னு அமெரிக்காக்கார அம்மா, நியூயார்க்குல பொறந்தவுக, 1840-ல கப்பல்ல வந்து எறங்கிப் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பெடுத்தாக. 1879-ல ஓய்வு பெற்றாக. நாப்பது வருசத்துக்குக் கிட்ட. இடையில ஒரு தடவை கூட ஊருக்குப் போகல. முதல்ல படிச்சதுகளோட மக, பேத்தி வரைக்கும் அவுககிட்டயே படிச்சுதாம். ஆயிரம் பெண்மக்களுக்குத் தாய்னு அந்தச் சனம் பேரு வச்சுது. ஓய்வுக்கப்புறமாவது அமெரிக்காவுக்குப் போனாகளான்னா, இல்ல. மானிப்பாயிலயே இருந்து 1883-ல அங்கனயே கண்ணை மூடுனாக. நம்ம டீச்சரம்மா இதைச் சொல்லிட்டுச் சிரிச்சாக. 'அவங்க பெட்டியையும் யாரோ பிரிச்சுட்டாங்க போல'ன்னாக.

சரி, காசு வசூலாகுமே, அதை என்ன பண்றதுன்னு கேப்ப. கல்விச் சீரு கேள்விப்பட்டிருக்கியா? இப்ப பல ஊருகள்ல நடக்குது. கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு கொண்டுபோற மாதிரி மேளதாளத்தோட பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணித்தொட்டின்னு தலையில தூக்கிக்கிட்டு ஊர்வலமாப் பள்ளிக்கூடத்துக்குப் போறாக. புதுப் பழக்கம்னு நெனைக்காத. காமராசரு காலத்துல நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருக்கையில, பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊரூருக்குப் போட்டு, சனங்களே கட்டடமும் பெஞ்சும் குடுத்தாக. உன் நாப்பது சால்வைக் காசுக்கு, பொம்பளைப் பிள்ளைக கழிப்பறையில தண்ணி வர வைக்கலாம். டீச்சரம்மா எட்டு தடவை மனு எழுதி, ஒன்றிய ஆபீசு வாசல்ல உக்காந்து எழுந்த விசயம் அதுதேன். அந்தக் குழாயைத் தொறந்து வச்சுட்டு அவுக முகத்தைப் பாரு.

மதுரைக்குப் பக்கம் கொடிக்குளத்துல ஆயி பூரணம் அம்மாள்னு ஒருத்தவுக, செத்துப்போன மக நெனப்பா ஒரு ஏக்கர் 52 செண்டைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்தாக. 2024 குடியரசு தினத்துல முதலமைச்சரு கூப்பிட்டு மரியாதை பண்ணுனாரு. பயப்படாத, உன்னைய நெலம் கேக்கல. பள்ளிக்கூடத்து மைதானத்துக்குள்ள உன் முள்ளுவேலி வந்திருக்குல்ல, அதை நாலடி பின்னால தள்ளுனாப் போதும். வருசா வருசம் ஒரு சாணா உள்ள வந்துக்கிட்டே இருக்கு. கருவேலந்தேன் பரவும்னு நெனைச்சேன், வேலியும் பரவும்கிறதை உன்கிட்டத்தேன் பாத்தேன்.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. உன் பிள்ளைக ரெண்டும் எங்க படிக்குதுக? காலையில ஏழு மணிக்கு வேன் வந்து கூட்டிட்டுப் போகுதே, அது நம்ம பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டித்தேன போகுது? டீச்சரம்மா கேட்டுல நின்னு அந்த வேனைப் பாக்குறாக. உள்ள உக்காந்திருக்கிறது யாரு? விழாக் கமிட்டித் தலைவர் மகன், பொருளாளர் மகள், அழைப்பிதழ் அச்சடிக்கிறவன் பேரன். 'இங்கிலீசு வேணும்ல மாமா'ங்கிற. வாஸ்தவம். போன பொங்கலுக்கு உன் மகன்கிட்ட 'வாட் இஸ் யுவர் நேம்'னு கேட்டேன். டையைச் சரிபண்ணிக்கிட்டான். பதில் வரல.

டீச்சரம்மா மேல ஊருக்கு உசிரு. அவுககிட்டப் பிள்ளையை விட மட்டும் மனசு வரல. இதை எந்தக் கணக்குல சேக்குறது?

பாசத்துக்காகச் சேக்க வேணாம், கணக்குப் பாத்தே சேரு. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சாத்தேன் மருத்துவப் படிப்புல 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-ல இருந்து நடக்குது. பொண்ணு காலேசு போனா மாசம் ஆயிரம், புதுமைப் பெண் திட்டம்; 2022-ல ஆசிரியர் தினத்தன்னைக்கே ஆரம்பிச்சாக. பையனுக்கும் 2024-ல இருந்து உண்டு. சின்னதுகளுக்குக் காலைச் சாப்பாடு. வேன் காசு மிச்சம். ஏன், வேன்ல தூங்கி வழியிற ரெண்டு மணி நேரமும் மிச்சம். எனக்கு இதுல என்ன ஆதாயம்? நான் ஒண்ணும் இனிமே அஞ்சாப்புல சேரப்போறது இல்ல.

இன்னொரு சங்கதியும் இருக்கு. ஆகஸ்ட் முதல் தேதி பிள்ளைகளைத் தலை எண்ணுவாக. கொறைஞ்சா, இருக்கிற டீச்சர்லயே ஒருத்தரை உபரின்னு சொல்லி வேற ஊருக்குத் தூக்கிருவாக. அப்ப உன் ஆறடி பேனரு எண்ணிக்கையில சேராது. விழா மேடையிலயே உன் மகளைக் கூட்டிட்டுப் போய், சேர்க்கைப் பாரத்துல டீச்சரம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு. அவுக கடைசியாச் சேத்த பிள்ளைன்னு பேரு உன் மகளுக்கு இருக்கட்டும். உன் பொண்டாட்டிகிட்ட நான் பேசுறேன். அவ டீச்சரம்மாகிட்டப் படிச்சவதேன். உன்னையக் காட்டிலும் மார்க்கு எடுத்தவ.

பொறந்த தேதியைப் பத்தி ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. எனக்கெல்லாம் தலையைச் சுத்திக் காதைத் தொட்ட அன்னைக்கு வாத்தியாரு எழுதினதுதேன் பொறந்த நாளு. நம்ம வயசுக்காரன் பாதிப் பேரு மே, ஜூன்லயே பொறந்திருக்கோம். டீச்சரம்மாவுக்கும் எவரோ ஒரு வாத்தியாரு போட்ட மே மாசமாத்தேன் இருக்கும். அவரு கொஞ்சம் தள்ளி ஆகஸ்ட்டுன்னு போட்டிருந்தா, படிப்பாண்டு நடுவுல ஓய்வு வந்து, மறுநியமனம்னு அந்த வருசம் முடியுற வரைக்கும் நம்மகிட்ட இருந்திருப்பாக. சர்க்காரே 58-ஐ 2020-ல 59 ஆக்கி, 2021-ல 60 ஆக்கி, ரெண்டு வருசம் கூட்டித் தந்துச்சு. இனி யாரும் கூட்டித் தர மாட்டாக.

அவுக பணிக்கொடைப் பணம் எவ்வளவு வரும்னு டீக்கடையில கணக்குப் போடுறாகளாம். கைமாத்துக் கேக்க ரெண்டு பேரு ரெடியா இருக்காகன்னும் கேள்வி. அதுல ஒருத்தன் பேரு எனக்குத் தெரியும். அவன் இப்ப என் திண்ணையில உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டு இருக்கான்.

புதுசா வர்ற பெரிய டீச்சரு யாரோ, எந்த ஊரோ. வந்தவுக மொதல்ல கேக்குறது வாடகை வீடு, ரெண்டாவது கேக்குறது தண்ணி. ரெண்டும் இல்லேன்னா பெட்டி பிரியாது. அதனால விழா முடியுறதுக்கு முன்னாலயே வீட்டைப் பாத்துவை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, மோட்டாரு வச்ச கெணறோட, ரெண்டு ரூமும் தாழ்வாரமுமா ஒண்ணு பூட்டியே கெடக்குல்ல? ஆமா, என் வீடுதேன். எதுக்குடா சிரிக்கிற? வாடகைப் பேச்சை நீ எடுக்காத, என்கிட்ட அனுப்பிவிடு. டீச்சருன்னா கொறைச்சுத்தேன் வாங்குவேன். அட்வான்சு மட்டும் ஆறு மாசம்... சரி சரி, மொறைக்காத, மூணு மாசம்.